வாசலில் நிற்பவனிடம் என்ன சொல்வது?

ஒரு வாதம் சூடுபிடித்து, யாராவது ஒருவர் தன் நிலையைக் கொஞ்சமாவது மாற்றிக்கொண்டுதான் ஆக வேண்டும் என்கிற கட்டம் வரும்போது, சரியாக அந்த நேரம் பார்த்து ஒருவர் "எல்லாம் அவரவர் பார்வையைப் பொறுத்தது சார்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார். அந்த வாக்கியத்தின் மேல் எனக்கு நெடுநாள் கடுப்பு. அதைச் சொல்கிறவர், அட்வான்ஸைத் திருப்பித் தராத ஹவுஸ் ஓனரிடம் போய் "உங்கள் பார்வை உங்களுக்கு" என்று கும்பிட்டுவிட்டு வருவதில்லை. அங்கே நியாயம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் உலகத்துக்கே பொதுவானது.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கட்சி. தப்பு என்றால் தப்புதான், காரணம் சொல்லாதே என்பவர்கள். இவர்களிடம் ஒரு கம்பீரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

வசதிக்காக முதல் கட்சியைச் சார்புவாதிகள் என்றும் இரண்டாவதை அறுதிவாதிகள் என்றும் வைத்துக்கொள்வோம். இந்தச் சண்டையில் பெரும்பாலும் இரண்டு தனித்தனி விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன என்பது என் எண்ணம். ஒரு செயல் சரியா தவறா என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்பது ஒன்று. பார்க்கிறவரைப் பொறுத்தது, அவர் பிறந்த சமூகத்தைப் பொறுத்தது என்பது வேறொன்று. காய்ச்சல் மருந்தின் அளவு குழந்தைக்கு வேறு, பெரியவருக்கு வேறு. அதனால் அளவு என்பது பெற்றவர்களின் அபிப்பிராயம் என்று ஆகிவிடாது. முதலாவதை ஒத்துக்கொண்டால் இரண்டாவதையும் ஒத்துக்கொண்டதாக நினைத்துக்கொண்டு ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கொலை, சாதி, போர் என்று பெரிய உதாரணங்களுக்குப் போக வேண்டாம். எல்லோரும் செய்கிற ஒன்றை எடுத்துக்கொள்வோம். பொய்.

1797இல் பெஞ்சமின் கான்ஸ்டன்ட் பிரான்ஸில் ஓர் அரசியல் சிறுநூல் எழுதினார். அதில் போகிறபோக்கில் "ஒரு ஜெர்மானியத் தத்துவவாதி"யைக் குத்திக் காட்டினார். கொலைகாரன் ஒருவன் உங்கள் நண்பனைத் துரத்துகிறான், நண்பன் உங்கள் வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறான், கொலைகாரன் கதவைத் தட்டி "உள்ளே இருக்கிறானா?" என்று கேட்கிறான். அப்போதும் பொய் சொல்வது குற்றம் என்று சொல்கிற அளவுக்கு அந்த ஆள் போகிறாராம். அந்த ஆள் இம்மானுவேல் கான்ட். கோனிக்ஸ்பெர்க்கில் 73 வயதில் இதைப் படித்தவர், நான் அப்படிச் சொல்லவில்லை என்று நழுவியிருக்கலாம். அவர் அதே வருடம் ஒரு சின்னக் கட்டுரை எழுதி, ஆமாம், அப்போதும் பொய் கூடாது என்று உறுதி செய்தார்.

அவர் சொன்ன காரணங்களில் ஒன்று ஆழமானது. நீங்கள் பொய் சொல்லும்போது தவறு செய்வது அந்தக் கொலைகாரனுக்கு அல்ல, அவனுக்கு உண்மையைக் கேட்க அருகதை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு என்றால் நம்பலாம் என்கிற அடிப்படையையே அரித்துவிடுகிறீர்கள், ஒப்பந்தம், சட்டம் எல்லாம் அந்த அடிப்படையில்தான் நிற்கின்றன, ஆகவே மனித குலம் முழுமைக்கும் தவறிழைக்கிறீர்கள். இதை நான் மதிக்கிறேன். வாட்ஸாப்பில் வரும் எதையும் நம்ப முடியாத காலத்தில் வாழ்கிறவனுக்கு இது புரியும்.

இன்னொரு காரணம் விநோதமானது. நீங்கள் "அவன் இங்கே இல்லை" என்று பொய் சொல்கிறீர்கள், ஆனால் உங்களுக்கே தெரியாமல் அவன் வெளியே நழுவிப் போயிருக்கிறான், உங்கள் பொய்யை நம்பித் தெருவுக்குத் திரும்பிய கொலைகாரன் கையில் அவன் சிக்கிச் சாகிறான். அந்தச் சாவுக்கு நீங்கள் பொறுப்பு. உண்மையைச் சொல்லியிருந்தால், அவன் வீட்டுக்குள் தேடிக்கொண்டிருக்கும்போது அக்கம்பக்கத்தார் ஓடிவந்து அவனைப் பிடித்திருக்கலாம் அல்லவா? இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: விளைவைப் பார்க்காதே என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன மனிதர், கடைசியில் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுகிறார். அவருக்கே எங்கேயோ உறுத்தியிருக்கிறது.

இந்த வாசல் காட்சி கான்ட்டின் காலத்தில் பிறந்தது அல்ல. மகாபாரதத்தின் கர்ண பருவத்தில் கௌசிகன் என்ற தவசி வருகிறான். உண்மை மட்டுமே பேசுவது என்பது அவன் விரதம். திருடர்களுக்குப் பயந்து ஓடிவந்த சிலர் அவன் கண்ணெதிரே காட்டுக்குள் ஒளிகிறார்கள். பின்னாலேயே வந்த திருடர்கள், நீ சத்தியவானாமே, எந்தப் பக்கம் போனார்கள் சொல் என்கிறார்கள். கௌசிகன் கையை நீட்டிக் காட்டுகிறான். ஒளிந்தவர்கள் செத்தார்கள், கௌசிகன் நரகத்துக்குப் போனான். சொர்க்கத்துக்குப் போகத்தான் அவன் அந்த விரதமே இருந்தான்.

கான்ட்டுக்கு 1400 வருடங்களுக்கு முன்னால் கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின் இன்னொரு பதிலைப் பதிவு செய்திருக்கிறார். வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்ற ஊரின் பிஷப், பெயர் ஃபிர்முஸ். ஓர் ஆளை ஒளித்து வைத்திருந்தார், பேரரசரின் அதிகாரிகள் தேடி வந்தார்கள். பொய்யும் சொல்ல மாட்டேன், காட்டியும் கொடுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். சித்திரவதை செய்தார்கள். வாய் திறக்கவில்லை. கடைசியில் பேரரசரே அவருடைய உறுதியைப் பார்த்து ஒளிந்திருந்தவனை மன்னித்தாராம். அறுதிவாதத்தில் எனக்குப் பிடித்த முகம் இது. விதியை மீற மாட்டேன், ஆனால் விதியின் விலையை என் உடம்பில் வாங்கிக்கொள்கிறேன், உள்ளே ஒளிந்திருப்பவன் தலையில் கட்ட மாட்டேன். கௌசிகனுக்கும் இவருக்கும் கொள்கை ஒன்று. விலை யார் கொடுத்தது என்பதில்தான் வித்தியாசம்.

சரி, இவையெல்லாம் பழைய கதைகள். இருபதாம் நூற்றாண்டில் இந்த வாசல் ஐரோப்பா முழுக்கத் திறந்தது, அதில் நெதர்லாந்தின் ஹார்லெம் ஊரில் ஒரே குடும்பத்துக்குள் நடந்தது எனக்கு மறக்கவே மறக்காது.

கோரி டென் பூம். கடிகாரக் கடைக்காரரின் மகள், தானும் கடிகாரம் பழுதுபார்ப்பவர், கல்யாணம் ஆகாதவர், ஐம்பது வயது. நாஜி ஆக்கிரமிப்பில் கடைக்கு மேலே இருந்த வீட்டில் யூதர்களை ஒளித்து வைத்தார். பக்தியான கிறிஸ்தவக் குடும்பம், பொய் என்பது பாவம் என்று வளர்ந்தவர்கள். ஆகவே பொய் சொல்ல அவருக்குப் பயிற்சி தேவைப்பட்டது. வீட்டில் இருப்பவர்கள் நடுராத்திரியில் அவரை உலுக்கி எழுப்பி, முகத்தில் வெளிச்சம் அடித்து, "ஒன்பது யூதர்களை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்?" என்று அதட்டுவார்கள். தூக்கக் கலக்கத்தில் இவர் சொன்ன பதில்: "இப்போது ஆறு பேர்தானே இருக்கிறார்கள்." மறுபடியும் பயிற்சி. நல்லவர்களுக்குப் பொய் எவ்வளவு கஷ்டம் என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஒன்றை நான் படித்ததில்லை.

இவருடைய அக்கா நோலி வேறு மாதிரி. என்ன ஆனாலும் பொய் கிடையாது. அவர் வீட்டில் அன்னலீஸ் என்ற யூதப் பெண் இருந்தாள். பொன்னிற முடி, கச்சிதமான போலி அடையாளச் சீட்டு, யாருக்கும் சந்தேகம் வராது. ஒருநாள் போலீஸ் வந்து, இந்தப் பெண் யூதப் பெண்ணா என்று நோலியிடமே கேட்டார்கள். ஆமாம் என்றார். இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்னலீஸை ஆம்ஸ்டர்டாமில் நாடு கடத்தலுக்காக யூதர்களை அடைத்து வைத்திருந்த ஒரு நாடக அரங்கத்தில் வைத்தார்கள். உண்மைக்குக் கீழ்ப்படிந்ததற்காகக் கடவுள் அவளைக் கஷ்டப்பட விடமாட்டார் என்று சிறையிலிருந்தபடி நோலி உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கைக்கு அந்த உறுதி இல்லை, கோபம்தான் இருந்தது. சில நாளில் எதிர்ப்பு இயக்கத்தார் அந்த அரங்கத்துக்குள் புகுந்து சிலரை மீட்டார்கள், அதில் அன்னலீஸும் இருந்தாள்.

கோரி பிற்காலத்தில் எழுதிய நினைவுக்குறிப்பில் இதெல்லாம் இருக்கிறது. பக்தர்கள் இதைக் கடவுளின் செயல் என்று படிக்கிறார்கள், அது அவர்கள் உரிமை. எனக்கு அன்னலீஸின் பக்கத்திலிருந்துதான் பார்க்கத் தோன்றுகிறது. பணயம் வைக்கப்பட்டது அவள் உயிர், பணயம் வைத்தது இன்னொருத்தியின் மனசாட்சி. அரங்கத்தை யாரும் உடைத்திருக்காவிட்டால்? அந்தக் கட்டடத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் போய்ச் சேர்ந்த இடம் நமக்குத் தெரியும். ஃபிர்முஸ் அடி வாங்கினார். நோலியும் சிறைக்குப் போனார், உண்மைதான். ஆனால் அவர் வாயைத் திறந்த அந்த நொடியில் அவருக்கு நேரவிருந்தது சிறை, அவளுக்கு நேரவிருந்தது சாவு.

1944 பிப்ரவரி 28 அன்று கோரியின் வீட்டிலும் சோதனை நடந்தது. அறைந்து அறைந்து கேட்டார்கள். இந்த முறை தூக்கக் கலக்கம் இல்லை. அவருடைய படுக்கையறையின் போலிச் சுவருக்குப் பின்னால் ஆறு பேர் ஏறக்குறைய இரண்டு நாள் நின்றபடியும் ஒடுங்கி உட்கார்ந்தபடியும் இருந்து தப்பித்தார்கள். 84 வயது அப்பா பத்து நாளில் சிறையில் இறந்தார். இன்னொரு அக்கா பெட்சி அந்த டிசம்பரில் ராவன்ஸ்புரூக் முகாமில் இறந்தார். பொய் சொன்னவர்களும் விலை கொடுத்தார்கள்.

அறுதிவாதத்தில் எனக்குப் பிடிக்காதது கடுமை அல்ல. விதியை எழுத்தளவில் காப்பாற்றிக்கொண்டு காரியத்தைச் சாதிக்கிற சாமர்த்தியம்தான் பிடிக்காதது. தருமனுடைய கதை நம் எல்லோருக்கும் தெரியும். "அசுவத்தாமா இறந்தான்" என்று உரக்கச் சொல்லி, யானை என்பதை முணுமுணுத்தான், துரோணர் வில்லைக் கீழே போட்டார். அதுவரை தரையில் படாமல் நாலு விரற்கடை மேலே ஓடிக்கொண்டிருந்த தருமனின் தேர் அன்றைக்கு மண்ணைத் தொட்டது. வியாசர் இதில் ஏமாறவில்லை. வார்த்தை உண்மை, அதனால் பாவமில்லை என்று அவர் தேரை மேலேயே நிறுத்தி வைக்கவில்லை.

கான்ட்டிடமும் இப்படி ஒன்று இருக்கிறது, அதிகம் பேர் கவனிப்பதில்லை. 1794இல் பிரஷ்ய அரசர் இரண்டாம் ஃபிரீட்ரிக் வில்ஹெல்மின் அரசாங்கம், மதத்தைப் பற்றி எழுதியதற்காக அவரைக் கண்டித்துக் கடிதம் அனுப்பியது. கான்ட் பணிந்தார். "மாட்சிமை தாங்கிய தங்களின் மிக விசுவாசமான குடிமகன் என்ற முறையில்" இனி மதம் பற்றி எழுதவும் பேசவும் மாட்டேன் என்று பதில் போட்டார். 1797இல், அதாவது கொலைகாரனுக்கும் உண்மை சொல் என்று எழுதிய அதே வருடம், அரசர் இறந்துபோனார். 1798இல் கான்ட் மதம் பற்றிப் புத்தகம் போட்டு, அதன் முன்னுரையில் விளக்கமும் கொடுத்தார்: "தங்களின் குடிமகன்" என்ற சொற்களை யோசித்துத்தான் போட்டேன், இந்த அரசர் உயிரோடு இருக்கும்வரைதான் அந்த வாக்குறுதி செல்லும் என்பதற்காக. எழுத்தைத் தடுத்த அரசரிடம் அப்படி நடந்துகொண்டது எனக்குத் தவறாகவே படவில்லை. ஆனால் அரசர் அந்தக் கடிதத்தை எப்படிப் புரிந்துகொள்வார் என்று கான்ட்டுக்குத் தெரியும், அப்படிப் புரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதினார். கேட்பவன் மனதில் தவறான எண்ணத்தை நட்டுவிட்டு, என் வாக்கியம் இலக்கணப்படி உண்மை என்று கையைக் கழுவுவதைவிட, கோரியைப் போல நேராகப் பொய் சொல்லிவிட்டு ஆமாம் சொன்னேன் என்று நிற்பது நேர்மை.

இனி சார்புவாதிகள். இவர்களைக் கிண்டலடிப்பது சுலபம் என்பதால் முதலில் இவர்களுடைய பலத்தைச் சொல்லிவிடுகிறேன். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிய கதையிலிருந்து ஆரம்பிக்கலாம். பாரசீக மன்னன் டேரியஸ், தன் அவையிலிருந்த கிரேக்கர்களிடம், எவ்வளவு பணம் கொடுத்தால் இறந்த தகப்பனின் உடலைத் தின்பீர்கள் என்று கேட்டான். உலகத்தையே கொடுத்தாலும் மாட்டோம் என்றார்கள். பிறகு, பெற்றோரின் உடலை உண்ணும் வழக்கம் கொண்ட ஓர் இந்தியக் கூட்டத்தாரைக் கூப்பிட்டு, எவ்வளவு கொடுத்தால் எரிப்பீர்கள் என்று கேட்டான். அவர்கள் காதைப் பொத்தாத குறையாக அலறினார்கள். தன் வழக்கமே உயர்ந்தது என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள், அதனால் யாருடைய வழக்கத்தையும் ஏளனம் செய்யாதே என்பது கதை.

இதில் நியாயமான ஒரு கூச்சம் இருக்கிறது. நாகரிகம் சொல்லித்தருகிறோம் என்று கப்பலேறி வந்தவர்கள் செய்ததைப் பார்த்த பிறகு அந்தக் கூச்சம் வராவிட்டால்தான் ஆச்சரியம். 1947இல் உலக மனித உரிமைப் பிரகடனம் தயாராகிக்கொண்டிருந்தபோது, அமெரிக்க மானுடவியலாளர் சங்கம் அதை எச்சரித்து அறிக்கை அனுப்பியது: ஒரு பண்பாட்டின் அளவுகோலை எல்லாருக்கும் வைக்காதீர்கள் என்று. நோக்கம் நல்லது. ஆனால் ஒரு பண்பாட்டுக்குள் நசுக்கப்படுகிறவருக்கு அந்த அறிக்கையில் சொல்ல எதுவும் இருக்கவில்லை. 1999இல் அதே சங்கம் மனித உரிமைகளை ஆதரித்து வேறொரு பிரகடனம் வெளியிட்டது.

பொய்க்கே திரும்புகிறேன். புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்வதா வேண்டாமா? நம் ஊரில் குடும்பத்திடம் சொல்வார்கள், நோயாளியிடம் சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவில் நோயாளியிடம்தான் சொல்வார்கள். அவர்கள் பண்பாடு தனிமனிதப் பண்பாடு, நம்முடையது குடும்பப் பண்பாடு, அவரவருக்கு அவரவர் சரி. இப்படித்தான் நானும் நிறையக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் 1961இல் சிகாகோவில் 219 மருத்துவர்களிடம் கேட்டபோது ஏறக்குறைய 90 சதவீதம் பேர் நோயாளியிடம் சொல்லாமலிருப்பதே தங்கள் விருப்பம் என்றார்கள். அச்சு அசலாக நம் ஊர்ப் பதில். 1979இல் அதே கேள்விகளை வைத்து அமெரிக்காவில் இன்னொரு மருத்துவமனையின் மருத்துவர்களிடம் கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். பதினெட்டே வருடம். மருந்துகள் முன்னேறின, நோயாளியின் சம்மதம் சட்டத்தில் இடம்பிடித்தது, மருத்துவமனைக்குள் உரிமைப் பேச்சு நுழைந்தது. பண்பாடு என்று நாம் கல்லில் செதுக்கி வைத்துப் பேசுவது ஒரு மருத்துவரின் பணிக்காலத்துக்குள்ளேயே தலைகீழாகிவிட்டது. சார்புவாதத்தின்படி 1961இல் சொல்லாததும் சரி, 1979இல் சொன்னதும் சரி. அப்படியானால் நடுவில் சக மருத்துவர்களோடு சண்டை போட்டு இதை மாற்றினார்களே, அவர்கள் தங்கள் பண்பாட்டுக்கு எதிராகத் தவறு செய்துகொண்டிருந்தார்களா, எந்தத் தேதி வரைக்கும்?

இன்னொரு ஆய்வு. 1995இல் வெளியானது, லாஸ் ஏஞ்சலஸில் நான்கு இனப் பின்னணிகளைச் சேர்ந்த 800 முதியவர்களிடம் கேட்டது. பரவிவிட்ட புற்றுநோயை நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்றவர்கள் ஐரோப்பிய வம்சாவளியில் 87 சதவீதம், கொரிய வம்சாவளியில் 47 சதவீதம். பார்த்தாயா, பண்பாட்டு வித்தியாசம் என்று இதைக் காட்டுவார்கள். நான் அந்த 47ஐத்தான் பார்க்கிறேன். கொரியர்களிலேயே ஏறக்குறையப் பாதிப் பேர் சொல்லுங்கள் என்கிறார்கள். படுக்கையில் கிடக்கும் கொரியப் பாட்டி எந்தப் பாதியில் இருக்கிறார் என்று அவரைக் கேட்காமல் யாருக்கும் தெரியாது. "எங்கள் பண்பாட்டில் சொல்ல மாட்டோம்" என்று வாசலில் நின்று பேசுவது பெரும்பாலும் அவருடைய மூத்த மகன்.

என் பெரியப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வரும் கரண்ட் பில்லைக்கூட மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர். வயிற்று வலி என்று ஸ்கேன் எடுத்தார்கள், கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்குப் பரவியிருந்தது. மருத்துவர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்" என்றான் அண்ணன். மருத்துவர் தலையாட்டினார், அவருக்கு இது பழகின வேண்டுகோள். கணையத்தில் புண் என்று பெரியப்பாவிடம் சொல்லப்பட்டது. ஃபைல் பெரியம்மாவின் கைப்பைக்குள் போய் ஜிப் மூடிக்கொண்டது, ஏனென்றால் பெரியப்பாவுக்கு இங்கிலீஷ் நன்றாகப் படிக்க வரும். கீமோவுக்குப் பெயர் சத்து ஊசி. அதை ஏற்றுகிற ஹாலில் வரிசையாக நாற்காலிகள், பாதிப் பேர் தலையில் துண்டு. இரண்டாவது முறையோ மூன்றாவது முறையோ, பக்கத்து நாற்காலிக்காரர் சகஜமாகத் திரும்பி, "உங்களுக்கு எத்தனையாவது கீமோ சார்?" என்று கேட்டுவிட்டார். பெரியம்மா கையிலிருந்த பிளாஸ்க்கைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பெரியப்பா "இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு பேப்பரை விரித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அவர் பாட்டுக்குக் காரியங்கள் செய்ய ஆரம்பித்தார். பேங்க் கணக்கில் நாமினி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார், கேஸ் இணைப்பைப் பெரியம்மா பெயருக்கு மாற்றச் சொன்னார், பென்ஷன் காகிதங்களை ஒரு மஞ்சள் பையில் போட்டு எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டினார். "தம்பி, உங்க பெரியம்மா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. அப்படியே இருக்கட்டும்." ஆக, அவருக்காக அவர்கள் நடித்தார்கள், அவர்களுக்காக அவர் நடித்தார்.

அவருக்கும் சித்தப்பாவுக்கும் பாகப் பிரிவினையில் வந்த தகராறு, வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை. சித்தப்பாவுக்குத் தகவல் போனது, வரத்தான் துடித்தார். ஆனால் இத்தனை வருடம் வராத தம்பி திடீரென்று வாசலில் வந்து நின்றால் அண்ணனுக்குப் புரிந்துவிடுமே என்று எங்கள் வீட்டாரே அவரைத் தடுத்து வைத்தார்கள். சித்தப்பா வந்தது ஐஸ் பெட்டியைப் பார்க்கத்தான்.

பெரியம்மா இன்றைக்கும் சொல்வார், அந்த மாசங்கள் நிம்மதியாகப் போயின, மனுஷன் அழாமல் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார் என்று. ராத்திரியெல்லாம் விழித்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். அவர் சொல்வதை ஒரு கட்டுரை எழுதி நான் தள்ளிவிட முடியாது.

இப்படிப்பட்ட இடத்தில் நம் ஆட்கள் உடனே இழுப்பது வள்ளுவரை.

பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த
நன்மை பயக்கும் எனின்

நல்லது நடக்குமென்றால் பொய் சொல்லலாம், வள்ளுவரே சொல்லிவிட்டார். கல்யாணத் தரகர் முதல் கட்சிப் பேச்சாளர் வரை இந்தக் குறளில் குளிர் காய்கிறார்கள். வள்ளுவர் ஒரு நெகிழ்வான சார்புவாதி என்று இதை வைத்து எழுதினவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தக் குறளின் கதவு மிகவும் குறுகலானது. பரிமேலழகர் உரையைப் பாருங்கள், அந்த நன்மை எப்போது விளைகிறது என்று அவர் எடுத்துக்காட்டுவது, கேட்டிலோ சாவிலோ சிக்கப்போகிற ஓர் உயிர் அந்தப் பொய்யால் அதிலிருந்து விடுபடுவதைத்தான். அதாவது கௌசிகன் முன்னால் ஓடிவந்தவர்கள், போலிச் சுவருக்குப் பின்னால் நின்ற ஆறு பேர். சபையில் மரியாதை போய்விடும், பையன் கல்யாணம் நின்றுவிடும், பேசக் கூச்சமாக இருக்கிறது என்பதெல்லாம் அதில் வராது. இதில் சமூகத்துக்குச் சமூகம் மாறுகிற அளவுகோல் எதுவும் இல்லை. அளவுகோல் ஒன்றுதான், அதுவும் கறாரானது. செயல்தான் இடத்துக்கு ஏற்ப மாறுகிறது. நான் மேலே சொன்ன குழப்பத்துக்கு இவ்வளவு சிக்கனமான பதிலைக் கான்ட்டும் தரவில்லை, கான்ஸ்டன்ட்டும் தரவில்லை.

அந்தக் கதவு வழியாக எங்கள் வீட்டுப் பொய்யை நுழைத்துப் பார்த்தால், அது நுழையவில்லை. பெரியப்பாவின் சாவு எந்தப் பொய்யாலும் ஒருநாள்கூடத் தள்ளிப்போகவில்லை. தப்பித்தது நாங்கள்தான், ஒரு கஷ்டமான பேச்சிலிருந்து. இழந்தவர் அவர், ஒரு தம்பியை. எங்கள் வீட்டார் அன்பில்லாதவர்கள் இல்லை. அன்பு இருந்ததால்தான் யாருக்கும் இது கண்ணில் படவில்லை.

அதற்காக எல்லா நோயாளி முகத்திலும் உண்மையை எறி என்பது என் கட்சி இல்லை. 1993இல் பெஞ்சமின் ஃப்ரீட்மன் என்ற மருத்துவ அறவியலாளர் ஒரு வழி சொன்னார்: உண்மையைத் திணிக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம், கொடுத்துப் பாருங்கள். உங்கள் நோயைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியும், இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும், உங்களுக்குப் பதில் வேறு யாரிடமாவது பேச வேண்டுமா என்று நோயாளியிடமே கேட்பது. வேண்டாம், பிள்ளைகளிடம் சொல்லுங்கள் என்று அவர் சொன்னால் அதை மதிப்பது. கெட்ட செய்தி சொல்வதற்காக மருத்துவர்களுக்கு இன்று கற்றுத்தரும் முறைகளிலும் இந்தக் கேள்வி ஒரு படியாக இருக்கிறது. கொரியப் பாட்டி எந்தப் பாதி என்று கண்டுபிடிக்க இதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இதில் கான்ட்டுக்கும் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன். மரியா ஃபான் ஹெர்பெர்ட் என்ற பெண், காதலனிடம் ஒன்றை மறைத்துவிட்டுத் தவித்துப்போய் 1791இல் அவருக்கு எழுதினாள். எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை, சொல்லாமல் அடக்கி வைப்பது வேறு, பொய் சொல்வது வேறு என்று அவர் பதிலில் பிரித்துக் காட்டினார். கேட்காதவரிடம் சொல்லாமலிருக்கலாம். நேருக்கு நேர் "எனக்கு என்னப்பா?" என்று கேட்டவரிடம் "புண்தான்" என்று சொல்வதில்தான் சிக்கல்.

போன வருடம் அம்மாவிடம் இதைக் கேட்டுவிட்டேன், நன்றாக இருக்கும்போதே. "எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம்டா, பேரைக் கேட்டாலே எனக்குக் காய்ச்சல் வந்துடும். ஆனா உன் சித்தப்பனை வரச் சொல்லிடு" என்றார். எனக்கு நேர்மாறு, முதலில் எனக்குத்தான் சொல்ல வேண்டும், அப்புறம்தான் மற்றவர்களுக்கு. மனைவியிடம் சொல்லியிருக்கிறேன், அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சரி என்றாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.